அண்ணனை வரைந்த காலை

தழும்பின் நிறம் இன்னும் கிடைக்கவில்லை. மூன்று வாரமாகத் தொமோயோ கலந்து கலந்து பார்க்கிறாள், செங்காவியில் கொஞ்சம், வெள்ளையில் கொஞ்சம், எலும்புக் கரியில் ஊசிமுனை அளவு. கத்தியின் நுனியில் எடுத்து அண்ணனின் கைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஒன்று அது செத்துப்போன நிறமாக இருக்கிறது, இல்லாவிட்டால் நேற்றுப் பட்ட காயத்தின் நிறமாக இருக்கிறது. முழங்கைக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டுக்கு இரண்டு விரல்கடை முன்னால் முடிகிற பழைய தழும்பு. நடுவில் வழவழப்பு, ஓரத்தில் சுருக்கம். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள், தேநீர் சிந்திக் காய்ந்த கறையாகத் தெரிந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள், அதே தழும்பு இளஞ்சிவப்பாக, ஓரங்களில் லேசாக நீலம் ஓடிக் குளிர்ந்து கிடந்தது. இடது கண்ணில் நவம்பரிலேயே கண்புரை எடுத்தாயிற்று. வலது கண்ணுக்கு வரும் வியாழக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய். ஆக இன்றைக்கும் நாளைக்கும்தான் இந்த இரட்டை உலகம், அதற்குப் பிறகு எல்லாமே நீலம் ஓடிய உலகம்தான், அப்படியானால் இத்தனை நாள் வரைந்தது? போன பத்து வருஷமாக அவள் வரைந்த வெள்ளைத் துணிகள், வெள்ளைக் கிண்ணங்கள், பனி, பால், எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறிக் கிடப்பதை நவம்பரில்தான் பார்த்தாள். ‘கஜிவாரா தொமோயோவின் ஓவியங்களில் பழைய ஸ்பெயின் நாட்டுப் பொன் வெளிச்சம்’ என்று எழுதினார்களே, அது ஸ்பெயினும் இல்லை பொன்னும் இல்லை, கண்ணில் விழுந்த புரை. இதை யாரிடம் சொல்வது, சொன்னால் சிரிப்பார்களா, படத்தை வாங்கி மாட்டியிருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்தபோது அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. கண்ணில் பட்டதைப் பட்டபடி வரைகிறவள் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பெருமை. அந்தக் கண்ணே பொய் சொல்லியிருந்தால் மிச்சம் என்ன இருக்கிறது.

“ஆடிட்டேனா?” என்று கேட்டார் ஷிகெகி அண்ணன். “இல்லைண்ணா, அப்படியே இருங்க” என்றாள். அவர் ஆடுவதே இல்லை. அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிதரால் இவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியுமா என்று அவளுக்கு முதல் நாளே ஆச்சரியம். மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, வேலைக்குப் போன நாளில் போட்டிருந்த வெள்ளை மேலங்கியின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே விழுகிற பனியைப் பார்த்தபடி இருப்பார். சகாத்தா நகராட்சியின் பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம், தினமும் எண்ணூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று இவள்தான் சொன்னாள், அவர் அதைத் துவைத்துக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டி போட்டுக் கொண்டுவந்து நின்றார், அதில் பாதி அழகு போய்விட்டது என்று சொல்ல இவளுக்கு மனம் வரவில்லை. ஊருக்கு இவள் திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகிறது. மூடிப்போன பல் மருத்துவமனை ஒன்றின் மாடியை ஓவியக்கூடமாக எடுத்திருக்கிறாள், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்காக அந்த மருத்துவர் வடக்குப் பக்கம் வைத்த பெரிய ஜன்னல் இப்போது இவளுக்குப் பிழைப்புக் கொடுக்கிறது. ஆறு வருஷத்தில் அண்ணனும் தங்கையும் சந்தித்ததெல்லாம் பெற்றோரின் கல்லறைக்குப் போகிற நாளிலும் புத்தாண்டிலும்தான். பேச்சு என்றால் உடம்பு, பனி, ரயில் நேரம். நவம்பரில் கண்ணுக்குக் கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தபோது மறுநாள் காலையில் கதவைத் தட்டியவர் அவர். “சொட்டு மருந்து விடணுமாமே, நாலு வேளை” என்றார், யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பதினெட்டு நாள், நாலு வேளை, பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எண்ணெய்ச் சட்டியும் கொதிநீரும் பட்டுப்பட்டுத் தோல் தடித்துப்போன விரலால் கீழ் இமையை அவர் இழுத்தபோது பூ விழுந்த அளவுக்குத்தான் பாரம் தெரிந்தது. ஒரு சொட்டுகூட கன்னத்தில் வழிந்ததில்லை. கட்டுப் பிரித்த கண் தெளிவாகப் பார்த்த முதல் பொருள் அந்தக் கைதான், அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நிறங்களோடு. அன்றைக்கே கேட்டாள், “அண்ணா, உங்களை வரையட்டுமா?” அவர் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே, “என்னையா? எதுக்கு?” என்றார். பிறகு, “எப்ப வரணும்?” என்றார்.

பனிக்கால வெளிச்சத்துக்கு இந்த ஊரில் நிழலே கிடையாது. கடல் பக்கமிருந்து மேகம் வந்து மூடிக்கொண்டால் முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். அவள் ஓவியம் கற்ற ஸ்பெயினில், மாத்ரித்தில் அப்படி இல்லை. அங்கே வெயில் சுவரை அறுத்துக்கொண்டு உள்ளே வரும், வெளிச்சம் ஒரு துண்டு, இருட்டு ஒரு துண்டு. தோக்கியோ கலைக்கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோற்றுவிட்டு இருபத்துநான்கு வயதில் அவள் அங்கே போய் இறங்கியபோது முதலில் கண்ணில் விழுந்தது அந்த அறுப்புதான். பிராதோ அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து படியெடுத்த காலம், ஒரு காலருக்கு ஆறு வாரம், ஒரு கிழவனின் நெற்றிக்கு மூன்று மாதம். நான்கே நான்கு நிறத்தில் தோல் முழுவதையும் கொண்டுவந்துவிடலாம் என்று கை கற்றுக்கொண்டது அங்கேதான். உட்காருகிறவரின் பாதத்தைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொள்வது, மறுநாள் அதே இடத்தில் அதே வெளிச்சம் வரும்வரை காத்திருப்பது, வராவிட்டால் தூரிகையைத் தொடாமல் வீட்டுக்குப் போவது, எல்லாம் அங்கே படிந்த பழக்கம். ஹூலியானை வரைந்தது நான்காவது குளிர்காலத்தில். சுரங்க ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற எழுபது வயதுக்காரர், ஓவியப் பள்ளியில் மாணவர்களுக்கு முன் மேடையில் உட்காருவதற்கு வருவார், மற்ற மாணவர்கள் எல்லாம் இளம் உடம்புகளைத் தேடிப் போய்விட அவர் இவளுக்கு மட்டுமே மிஞ்சினார். மேல்சட்டை இல்லாமல், குனிந்து, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. விலா எலும்பின் மேல் தோல் எப்படிப் படர்ந்து கிடந்தது, கழுத்துக்குழி எப்படி மூச்சுக்கு மூச்சு பள்ளம் விழுந்தது, இன்றைக்கும் கண்ணை மூடினால் ஒரு மயிர் பிசகாமல் சொல்வாள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் அந்தக் கிழவரின் உடம்பைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. அதே நவம்பரிலிருந்து அதே பிப்ரவரி வரைக்கும்தான் இங்கே, இந்த ஊரில், அப்பா செத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கு வந்தால் அவள் மனம் எப்போதும் முட்டிக்கொண்டு நிற்கும், முப்பத்துநாலு வருஷமாக அப்படித்தான், நின்ற இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், உள்ளே போக வழி இருக்காது.

வழி இல்லாமல் போனது அந்தத் தொலைபேசியால். புத்தாண்டு அன்று மாத்ரித்தில் வரிசையில் நின்று, கண்ணாடிக் கூண்டுக்குள் போய், ஊருக்குப் பேசினாள். அண்ணன்தான் எடுத்தார். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, “குளிக்கப் போயிருக்கார், பொதுக் குளியலறைக்கு” என்றார். புத்தாண்டு அன்று குளியலறை திறந்திருக்குமா என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாரோ இருமுகிற சத்தம் கேட்டது, தொலைக்காட்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காலைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள், அவள் கிளம்பியபோது அப்பா அவளிடம் சொன்னதும் அதை மட்டும்தான், காலைச் சூடா வச்சுக்கோ. துறைமுகத்து எடைமேடையில் குமாஸ்தாவாக இருந்தவர், இவள் பள்ளியில் படிக்கும்போதே அம்மா போய்விட, எண்ணிப் பேசுகிற பேச்சையும் இன்னும் குறைத்துக்கொண்டவர். பிப்ரவரி கடைசியில் அண்ணனின் கடிதம் வந்தது. நான்கு வரி. அப்பா நாலாம் தேதி காலையில் போய்விட்டார், ஈரலில் கட்டி, எல்லாம் முறையாக முடிந்தது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரே சொன்னார், நீ உன் வேலையைப் பார். ‘அவரே சொன்னார்.’ அந்த இரண்டு சொல்லைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சாகிற நேரத்தில் பெற்ற மகளைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு மனிதர் சொல்வாரா, சொல்லும்படி நான் என்ன செய்தேன், இரண்டு தடவை தோற்றதா, விட்டுவிட்டுப் போனதா. கடிதத்தை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அன்று பள்ளிக்குப் போனாள், போக வேறு இடமும் இல்லை. ஹூலியான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். “என் அப்பா” என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. அவர் தன் கோட்டைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டார். பிறகு யாரும் சொல்லாமலே மேடையில் ஏறி, சுண்ணாம்புக் கோட்டுக்குள் பாதத்தை வைத்து, அதே மாதிரி குனிந்து உட்கார்ந்துகொண்டார். “நீ வரை, மகளே. வரைய முடியலைன்னா சும்மா இரு. நான் இங்கேதான் இருக்கேன்” என்றார். அவருடைய நேரம் முடிந்த பிறகும், விளக்கு போட்ட பிறகும் அவர் இறங்கவில்லை. அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொன்னேன், சொன்னேனா இல்லையா, அதுகூட ஞாபகம் இல்லை. அந்தப் படம்தான் பின்னால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ‘உட்கார்ந்திருக்கும் முதியவர்.’ செந்தாய் நகரத்து அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

மறுபடியும் தழும்பைப் பார்த்தாள். நிறத்தைத் தேடுவதில் ஒரு கட்டத்துக்கு மேல் கண் உதவாது, அது எப்படி வந்தது என்று தெரிந்தால் ஒருவேளை கிடைக்கும் என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் ஏன் கேட்கவில்லை? சமையல்காரர் கையில் சூடு பட்டிருக்கும், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டிருக்கிறாள். மூன்று வாரமாக அவருடைய தோலின் ஒவ்வொரு மடிப்பையும் கணக்கெடுத்தவள் அதை ஒரு நிறமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. “அண்ணா, இது எப்போ பட்டது?” என்றாள். அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உட்காருகிறவர் பேசினால் தாடை ஆடும், கழுத்துத் தசை ஆடும் என்பதால் பேச்சே கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள், அதனால்தான் பேசவில்லையோ என்று நினைத்தாள். “பேசலாம்ணா, பரவாயில்லை.” “ஜனவரியில. அப்பா இருந்தப்போ. கடைசி ஜனவரி” என்றார். “நீராவிக் குழாய். பெரிய கொப்பரைக்குப் பக்கத்துல போகும் பாரு, அது. நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். கையை அது மேல வச்சுட்டுத் தூங்கியிருக்கேன், தோல் கருகுற வாசனை வந்தப்புறம்தான் முழிச்சேன்.” ஏன் தூங்கினீங்க என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள், கேட்க வேண்டியதே இல்லை, காலை ஐந்து மணிக்குச் சமையற்கூடம், மதியம் வரைக்கும் எண்ணூறு தட்டு, வீட்டுக்கு வந்தால் அப்பா. துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்க வைத்து, ஊட்டிவிட்டு, துணி மாற்றி. இருபத்துநான்கு மணி நேரத்தில் எங்கே தூங்கியிருப்பார், நின்றுகொண்டுதான் தூங்கியிருப்பார். அதே நாளில் நான் ஒரு வேற்று மனிதரின் விலா எலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன். “ஆஸ்பத்திரியில சேர்க்கலையா?” “வீட்டுலயே இருக்கணும்னார்.” பிறகு அவர், அதே குரலில், ஜன்னலைப் பார்த்தபடியே, “தொமோ, நான் ஒண்ணு சொல்லணும்” என்றார்.

“மூணு வாரமா நீ என்னை இப்படிப் பார்த்துக்கிட்டே இருக்கே. முதல் நாள்லயே உனக்குத் தெரிஞ்சுடுச்சோன்னு நினைச்சேன். தினமும் வீட்டுக்குப் போறப்போ, இன்னைக்குக் கேட்கலை, நாளைக்குக் கேட்டுடுவான்னு நினைச்சுக்கிட்டே போவேன்” என்றார். அவள் தூரிகையைப் பிடித்தபடி நின்றாள். “உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு அப்பா சொல்லலை. அதை நான் எழுதினேன். அப்பா உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தார். எப்ப வருவா, எப்ப வருவான்னு. நான்தான் உனக்குச் சொல்லலை.” வெளியே யாரோ வாசல் பனியை மண்வாரியால் தள்ளுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது, கர், கர் என்று. “அந்தப் புத்தாண்டு அன்னைக்கு நீ பேசினே இல்லையா. அப்பா பக்கத்து அறையிலதான் படுத்திருந்தார். கதவுகூடச் சாத்தலை, குரலைத் தாழ்த்திக்கிட்டுத்தான் உன்கிட்ட பேசினேன். யாருன்னு கேட்டார். தப்பான நம்பர்னு சொன்னேன்.” சொல்லி முடித்த பிறகும் அவர் அசையவில்லை, கைகள் முழங்காலில் அப்படியே இருந்தன, பாதங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்குள் இருந்தன. “வியாழக்கிழமை உனக்குக் கண்ணுல கத்தி வைக்கப் போறாங்க. ஒண்ணும் ஆகாது. ஆனாலும் அதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு தோணுச்சு.”

தூரிகையைக் கீழே வைத்தாள், வைத்த இடம் எண்ணெய்க் கிண்ணத்தின் விளிம்பு, அது உருண்டு தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றாள். உடம்புக்குள் முதலில் எழுந்தது கோபம்தான், சந்தேகமே இல்லை, காது வரைக்கும் ஏறியது, தப்பான நம்பர், தப்பான நம்பரா, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கூண்டுக்குள் நின்றவள் தப்பான நம்பரா. அந்த இருமல். அது தொலைக்காட்சி இல்லை. கடைசியாக அப்பாவின் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன், கேட்டது அவர்தான் என்று தெரியாமல். அதை நினைத்தபோது கோபத்துக்கு நடுவில் வேறு ஏதோ ஒன்று விரிசல் விட்டுத் திறந்தது. அப்பா கேட்டாரா? கேட்டுக்கொண்டே இருந்தாரா? வேண்டாம் என்று சொல்லவில்லையா? முப்பத்துநாலு வருஷமாக முட்டிக்கொண்டு நின்ற அந்த இடத்தில் ஒரு கதவு இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது. சந்தோஷமா இது, இப்படி வலிக்கிறதே. “ஏன்?” என்றாள், திரும்பாமலே. “நீ வந்திருந்தா திரும்பிப் போயிருக்க மாட்டே” என்றார் அண்ணன். “உன் கடிதமெல்லாம் வரும் இல்லையா. அந்த டிசம்பர்ல வந்த கடிதத்துல இங்கே குளிர்னு நாலு இடத்துல எழுதியிருந்தே. படத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. உனக்கு ஒரு சாக்கு வேணும்னு எனக்குப் புரிஞ்சுது. அப்பாவைச் சாக்கா கொடுக்க எனக்கு மனசு வரலை. அப்பாவுக்கு நான் இருந்தேன். உனக்கு அங்கே யாருமில்லை, அந்தப் படம் ஒண்ணைத் தவிர. அப்படித்தான் அப்போ நினைச்சேன். சரியா தப்பான்னு இன்னைக்கும் தெரியலை. எனக்குத் தெரியலை, தொமோ.”

அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வாய்ப்பும் வந்ததில்லை, அந்த டிசம்பரில் ஒரு மத்தியானம் அவள் விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் நின்றாள். படத்தில் ஹூலியானின் தோள்பட்டை மூன்றாவது தடவையாகச் சரியாக வராமல் போன நாள். ஒரு வழிப் பயணத்துக்குச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், எந்தத் தேதிக்கு என்று திருப்பிக் கேட்டாள், இவளிடம் தேதி இல்லை. ஊரில் ஏன் வந்தாய் என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை. மூன்றாவது தடவையும் தோற்றுவிட்டு வந்தேன் என்றா சொல்வது. பதில் ஒன்று இருந்திருந்தால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி வந்திருந்தால், அன்றைக்கே கிளம்பியிருப்பாள், அழுதுகொண்டு கிளம்பியிருப்பாள், அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்திருக்கும். அப்பாவின் பக்கத்தில் ஆறு வாரம் உட்கார்ந்திருந்து, கையைப் பிடித்து, வழியனுப்பிவிட்டு, பிறகு இந்த ஊரிலேயே ஏதாவது ஒரு கடையில், ஏதாவது ஒரு அலுவலகத்தில், வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த ஆறு வாரம் கிடைத்திருக்கும். மற்றதெல்லாம் போயிருக்கும். எது பெரிது என்று எடை போட அப்பாவின் எடைமேடையாலும் முடியாது. ஆனால் அந்த ஆறு வாரத்தை ஒருவர் முழுதாகத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், பொய்யையும் சேர்த்து, நின்றபடி தூங்கி, கை வெந்து. தங்கை தன்னோடு முகம் கொடுத்துப் பேசாத முப்பத்துநாலு வருஷத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டு, ஒரு நாளும் ஏன் என்று கேட்காமல். இவரிடம் நான் ரயில் நேரம் பேசிக்கொண்டிருந்தேன். கோபம் போய்விடவில்லை, ஓரத்தில் இருந்தது, இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சு கொள்ளாமல் வந்து நின்றது, அதற்கு என்ன பெயர் என்று தேடவேண்டிய அவசியமும் இல்லை. சொந்த அண்ணனிடம் நன்றி என்று எப்படிச் சொல்வது, நாக்கு கூசுகிறது, அந்நியருக்குச் சொல்கிற சொல் அது.

“செந்தாய்ல அந்தப் படத்தைப் போய்ப் பார்த்தேன்” என்றார் அண்ணன், அவள் முதுகைப் பார்த்து. அவள் திரும்பினாள். “எப்போ?” “அவங்க வாங்கி மாட்டின அந்த வருஷமே. லீவு போட்டுட்டுப் போனேன். உன்கிட்ட சொல்லலை.” அவர் முதல் தடவையாக முழங்காலிலிருந்து ஒரு கையை எடுத்து முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “அவர் யாரோ வெள்ளைக்காரர். மூக்கு வேற, நிறம் வேற. ஆனா அந்தக் கழுத்துக்குழி இருக்கு பாரு, தோள் அப்படியே இறங்கி வர்றது. நான் துடைச்சுவிட்ட உடம்பு அது. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. இவ எப்படிப் பார்த்தா, இங்கே இல்லவே இல்லையேன்னு நின்னுட்டேன். காவலுக்கு இருந்த அம்மா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுட்டுப் போனாங்க.” அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடிந்தது. முப்பத்தைந்து நாற்பது வயது அண்ணன், ஊரிலிருந்து போட்டுக்கொண்டு போன ஒரே நல்ல கோட்டில், தலையை நிமிர்த்தி, தங்கை வரைந்த கிழவருக்கு எதிரே. இத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், ஸ்பெயின் பயிற்சி, நிழல், தசை, வரிக்கு வரி. பார்க்க வேண்டியதைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். புரை விழாத கண்ணில் வரைந்த படம் அது, அதுவாவது பொய் இல்லை, அதற்குச் சாட்சி இவர்.

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். “இன்னைக்குப் போதும் இல்லையா. நீ வேணும்னா இனிமே வரலை” என்றார். “உட்காருங்கண்ணா” என்றாள் தொமோயோ. “வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.” கீழே விழுந்த தூரிகையை எடுத்துத் துணியில் துடைத்தாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுக்கச் சொன்னாள், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, சுவர் ஓரத்திலிருந்து விலகி, வடக்கு வெளிச்சம் முகத்தின் இரண்டு பக்கமும் விழும்படி. நிழல் இல்லாமல் ஒரு முகத்தை அவள் வரைந்ததே இல்லை, இந்த ஊர்க்காரர் முகத்துக்கு மாத்ரித் நிழல் எதற்கு. “அப்பாவைப் பத்திச் சொல்லுங்க. எல்லாத்தையும். நவம்பர்லேர்ந்து” என்றாள். “பேசினா ஆடுமே” என்றார் அவர். “ஆடட்டும்.” அவர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு வேலைக்காரர் வேலையைச் சொல்கிற மாதிரி வரிசையாக. காலையில் உப்பில் போட்ட பிளம் பழத்தோடு கஞ்சி. டிசம்பர் குளிரில் பாதம் சில்லிட்டுப்போகும், வெந்நீர்ப் புட்டியை உறையில் சுற்றி வைப்பது. துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டால் எந்த நாட்டுக் கப்பல், எத்தனை டன் என்று அப்பா படுத்தபடியே சொல்வது, பாதி தப்பாக இருக்கும். சவரம் செய்துவிடும்போது கன்னத்தை உப்பிக் காட்டுவது. ஒரு நாள் காரணமே இல்லாமல் சிரித்தது. அவர் சொல்லச் சொல்ல வாய் அசைந்தது, கண்ணோரம் சுருங்கி விரிந்தது, அவளுடைய கை எதையும் நிறுத்திப் பிடிக்காமல் கூடவே போய்க்கொண்டிருந்தது. எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

“என்னைப் பத்தி வேற என்ன கேட்டார்?” என்றாள், ஒரு இடத்தில் அவர் நிறுத்தியபோது. “வேற என்ன. தொமோ சாப்பிட்டாளான்னு கேட்பார். காலையில கேட்டது மத்தியானம் மறந்துடும், மறுபடி கேட்பார். கடைசி வாரம் அது ஒண்ணுதான் பேச்சு.” “நீங்க என்ன சொல்வீங்க?” அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “சாப்பிட்டாள்னு சொல்வேன். எனக்கு என்ன தெரியும், நீ அங்கே என்ன சாப்பிட்டே, சாப்பிட்டியா இல்லையான்னு. அதுவும் பொய்தான்.” தொமோயோ தூரிகையை இறக்கினாள். ஒரு தகரத் தூக்குச்சட்டி கண் முன்னால் வந்து நின்றது, மூடியில் அழுங்கல் விழுந்த, செய்தித்தாளில் சுற்றிய தூக்கு. மேடையை விட்டு இறங்கியதும் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹூலியான் அதை அவள் முக்காலியில் வைப்பார், என் மனைவி கொடுத்துவிட்டாள், நீ சாப்பிடுவதே இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன், காலி பண்ணிக் கொடுக்காவிட்டால் எனக்குத்தான் திட்டு விழும் என்பார். அந்தக் குளிர்காலம் முழுவதும், பள்ளி இருந்த நாளெல்லாம். அந்த அம்மாளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. “அது பொய்யில்லைண்ணா” என்றாள். “நான் சாப்பிட்டேன். தினமும் சாப்பிட்டேன்.” தூக்கைப் பற்றிச் சொன்னாள், ஹூலியானைப் பற்றி, கோட்டைப் பற்றி, பார்க்காத அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், கண் இரண்டும் நிறைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. “அதுல என்ன இருக்கும்?” என்று கேட்டார். “பருப்பு. சின்னதா, பழுப்பா, தட்டையா இருக்கும். பன்றிக் கறித் துண்டு, பூண்டு, சிவப்பா ஒரு மிளகாய்ப் பொடி.” “ஊற வச்சுச் செய்வாங்களா, அப்படியேவா?” “தெரியலைண்ணா. கேட்டுக்கலை.” “கேட்டிருக்கலாம்” என்றார் அவர், உண்மையிலேயே வருத்தப்பட்டு. பிறகு, எண்ணூறு பிள்ளைகளின் காலித் தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது வழக்கமாகக் கேட்டிருக்கக்கூடிய குரலில், “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணா” என்றாள் தொமோயோ.